சென்சார் செய்த குற்றம் என்ன?

வீட்டு வாசலில் அழைப்பு மணி இருக்கிறது. ஒரு நாள் அது அடிக்கவில்லை. உடனே என்ன செய்கிறோம்? கடைக்கு ஓடிப் போய்ப் புது மணி வாங்கி வருகிறோமா? இல்லை. முதலில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பொத்தானை இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கிறோம். ஒயர் எங்கேயாவது விட்டுப் போயிருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்கிறோம். மணிதான் கெட்டுப் போயிருக்கிறது என்ற முடிவுக்குக் கடைசியில்தான் வருகிறோம்.

சில நூறு ரூபாய் மணிக்குக் காட்டும் இந்த நியாயத்தை, லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய காருக்கு மட்டும் நாம் ஏன் காட்டுவதில்லை?

எதற்காக இந்தக் கேள்வி என்கிறீர்களா? ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் எதற்கு? எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய குடும்பம்தான். ஆறு வயதான பெட்ரோல் கார். அந்த வீட்டு அம்மாள்தான் ஓட்டுகிறார். குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, ஆபீசுக்குப் போய், மாலையில் காய்கறியோடு திரும்பி வருவது வரை எல்லாம் அந்தக் காரில்தான்.

சில நாட்களாகக் காலையில் சாவியைத் திருப்பினால் கார் உடனே கிளம்புவதில்லை. 'கிர்ர்... கிர்ர்...' என்று இழுத்துக்கொண்டே இருந்துவிட்டு, பிறகு ஏதோ தயவு பண்ணுவது போலக் கிளம்புகிறது. டாஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. ஒரு நாள் மாலை, சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அப்படியே அணைந்துவிட்டது. பின்னால் நின்ற பஸ்ஸின் ஹாரன் சத்தத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

மெக்கானிக் வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகினார். 'பி 0340' என்று ஒரு நம்பர் வந்தது.

"அம்மா, கேம் சென்சார் போயிடுச்சு. மாத்திடலாம்" என்றார்.

மாற்றினார். நாலு நாள் கார் நன்றாக ஓடிற்று. ஐந்தாம் நாள் பழைய கதை.

"போன தடவை போட்ட சாமான் சரியில்லை போலிருக்கும்மா. கம்பெனி சாமானே போட்டுடலாம்."

அதையும் போட்டார். இரண்டு வாரம் ஓடிற்று. மூன்றாவது வாரம் பைபாஸ் ரோட்டில், இருட்டு நேரத்தில், குழந்தை பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றது. இரண்டு சென்சார், இரண்டு தடவை கூலி, கடைசியில் வண்டியை இழுத்து வந்த லாரிக்கு வாடகை. "இந்தக் காரையே விற்றுத் தலைமுழுகிவிடலாம்" என்கிறார் வீட்டுக்காரர்.

காரை விற்க வேண்டாம். குற்றவாளி இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான். அவனை எப்படிப் பிடிப்பது என்று பார்ப்போம், வாருங்கள்.

காலை ஆறா, மாலை ஆறா?

கார் எஞ்சினுக்குள்ளே கிராங்க்ஷாப்ட் என்று ஒரு தண்டு சுற்றுகிறது. தையல் மிஷினில் காலால் மிதிக்கிறோமே, அந்த மேலும் கீழுமான மிதிதானே சக்கரத்தைச் சுற்ற வைக்கிறது? அதே மாதிரி, பிஸ்டன்கள் மேலும் கீழும் போய்வர, கிராங்க்ஷாப்ட் சுற்றுகிறது.

ஒவ்வொரு பிஸ்டனுக்கும் நாலு வேலை. காற்றையும் பெட்ரோலையும் உள்ளே இழுப்பது ஒன்று. அதை அமுக்குவது இரண்டு. தீப்பொறி பட்டு வெடித்ததும் அந்த வேகத்தில் கீழே பாய்வது மூன்று. புகையை வெளியே தள்ளுவது நாலு. இந்த நாலும் முடிவதற்குள் கிராங்க்ஷாப்ட் இரண்டு சுற்றுச் சுற்றிவிடுகிறது. உள்ளே வரும் வாசலையும் வெளியே போகும் வாசலையும் வேளை பார்த்துத் திறந்து மூடுகிற இன்னொரு தண்டு இருக்கிறது. அதுதான் கேம்ஷாப்ட். அது அதே நேரத்தில் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும்.

சுவர்க் கடிகாரத்தின் சின்ன முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குள் அது இரண்டு சுற்று வருகிறது. முள் ஆறில் நிற்கிறது. காலை ஆறா, மாலை ஆறா? பாலைக் காய்ச்சிக் காபி போடுவதா, விளக்கேற்றுவதா? கடிகாரத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? ஜன்னலைத் திறந்து கிழக்கே வெளிச்சமா, மேற்கே வெளிச்சமா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டருக்கும் இதே சங்கடம்தான். மெக்கானிக்குகள் அதை ஈ.சி.எம். என்பார்கள். பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டது என்று கிராங்க்ஷாப்ட் சென்சார் சொல்கிறது. ஆனால் அது அமுக்கிவிட்டு வெடிக்கத் தயாராக இருக்கிறதா, அல்லது புகையைத் தள்ளிவிட்டு நிற்கிறதா? அதைச் சொல்லும் ஜன்னல்தான் கேம்ஷாப்ட் சென்சார். அந்தச் செய்தி வராவிட்டால் எந்தச் சிலிண்டருக்கு இப்போது பெட்ரோல், எதற்குத் தீப்பொறி என்று கம்ப்யூட்டர் திகைக்கிறது. சில கார்கள் கிளம்பவே மாட்டா. சில, கிராங்க் சென்சாரை மட்டும் வைத்துக்கொண்டு உத்தேசமாகக் கணக்குப் போட்டு, நேரமெடுத்துக் கிளம்பும். ஓட்டத்தில் இழுவை குறையும், குலுங்கும், பெட்ரோலும் கூடக் குடிக்கும்.

பழைய அம்பாஸடர் காரில் இந்த வேலையை டிஸ்டிரிபியூட்டர் செய்துவந்தது. அதுவும் கேம்ஷாப்டின் வேகத்திலேயே சுற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைப்படி தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும். மெக்கானிக் அதன் மூடியைத் திறந்து, பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்தால் தீர்ந்தது. இப்போது தேய்க்க ஒன்றுமில்லை. யோசித்துத்தான் தீர வேண்டும்.

தங்கத் தகட்டில் பிறந்த சாமான்

சென்சார் எப்படிப் பார்க்கிறது? அதற்குக் கண் கிடையாது, காந்தம்தான் கண். 1879ஆம் வருஷம் அமெரிக்காவில் எட்வின் ஹால் என்ற மாணவர், மெல்லிய தங்கத் தகட்டில் மின்சாரத்தை ஓடவிட்டு அதைக் காந்தத்துக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். தகட்டின் குறுக்கே ஒரு சின்ன மின்னழுத்தம் தோன்றியது. 'ஹால் விளைவு' என்று அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். தங்கத்தை நாம் கழுத்தில் போட்டு அழகு பார்க்கிறோம். அவர் அதை வைத்து இப்படி ஒரு காரியம் செய்தார்!

இன்றைய கார்கள் பலவற்றில் இருக்கும் கேம் சென்சார் இந்த விளைவை வைத்துத்தான் வேலை செய்கிறது. கேம்ஷாப்டில் பல் வைத்த ஒரு சக்கரம் இருக்கும். ஒவ்வொரு பல்லும் சென்சாரின் முனையைக் கடக்கும்போது காந்தப் புலம் மாறுகிறது.

இந்தச் சென்சாருக்கு மூன்று ஒயர்கள். ஒன்று சாப்பாடு, அதாவது அது வேலை செய்ய வேண்டிய கரண்ட். இரண்டாவது எர்த். மூன்றாவது செய்தி கொண்டு போகும் சிக்னல் ஒயர். பெரும்பாலான கார்களில் கம்ப்யூட்டரே சிக்னல் ஒயரில் 5 வோல்ட்டை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். பல் கடக்கும்போதெல்லாம் சென்சார் அதை இழுத்து எர்த்தோடு சேர்த்துவிடும். 5, 0, 5, 0 என்று மாறுவதை வைத்துக் கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. வாசல் மணிப் பொத்தானை ஒருவர் விட்டுவிட்டு அழுத்துவது மாதிரிதான்.

இரண்டே ஒயர் உள்ள சென்சார்களும் உண்டு. அவற்றுக்கு வெளியிலிருந்து கரண்ட் வேண்டாம். தாங்களே சிறிதளவு மின்சாரம் உண்டாக்கிக்கொள்ளும். அவற்றைச் சோதிக்கும் முறை வேறு. நம் கதையிலுள்ள கார் மூன்று ஒயர் ஜாதி.

நம்பர் சொன்னதும் சொல்லாததும்

ஸ்கேனர் காட்டும் நம்பர்கள் ஒவ்வொரு கம்பெனிக்கும் வெவ்வேறாக இருந்த காலம் உண்டு. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து எல்லாருக்கும் பொதுவான ஏற்பாட்டைக் கட்டாயமாக்கினார்கள். பிறகு அது நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. அதன்படி 'பி 0340' என்றால், 'கேம்ஷாப்ட் பொஸிஷன் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு' என்று அர்த்தம்.

இதில் கடைசி வார்த்தையைத்தான் எல்லாரும் விழுங்கிவிடுகிறார்கள். சென்சாரில் கோளாறு என்று நம்பர் சொல்லவில்லை. சர்க்யூட்டில் என்றுதான் சொல்கிறது. சர்க்யூட் என்றால் சென்சார், அதன் கனெக்டர், மூன்று ஒயர்கள், பியூஸ், எர்த், மறுமுனையில் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்தது. 'இந்த வீட்டில் திருட்டுப் போயிருக்கிறது' என்று போலீஸுக்குத் தகவல் வந்தால், வாசலில் நிற்கும் முதல் ஆளையா பிடித்துக்கொண்டு போவது?

இந்த நம்பருக்குத் தம்பிகளும் உண்டு. 0341 என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் எதிர்பார்த்த ஒழுங்கில் இல்லை. 0342 சிக்னல் தாழ்ந்தே கிடக்கிறது. ஒயர் எங்கேயோ எர்த்தில் பட்டிருக்கலாம். 0343 உயர்ந்தே நிற்கிறது, ஒயர் அறுந்திருக்கலாம். 0344 விட்டுவிட்டு வருகிறது. ஆகவே நம்பரை முழுசாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'ஏதோ சென்சார் நம்பர்' என்று விட்டுவிட வேண்டாம்.

முதலில் கண்

நல்ல மெக்கானிக்குக்கு முதல் கருவி கண்தான். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எஞ்சினின் தலைமூடியில் உள்ள கேஸ்கட் தேய்ந்து எண்ணெய் கசிந்தால், கேம் சென்சாரின் கனெக்டருக்குள் அது இறங்கக்கூடும். தண்ணீர் புகுந்திருந்தால் உள்ளேயுள்ள பின்களில் பச்சை பூத்திருக்கும். வெகு நாள் புளி போட்டுத் தேய்க்காத செப்புப் பாத்திரத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே களிம்புதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனையோ கார்கள் வெள்ளத்தில் நின்றன. அப்படி நனைந்த வண்டிகளில் இந்தக் களிம்பு மாதக்கணக்கில் மெள்ள வளர்ந்து, வெயில் காலத்தில்கூடத் தொந்தரவு கொடுக்கும்.

இன்னொரு விருந்தாளி எலி. ராத்திரியில் எஞ்சினின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு, பொழுது போகாமல் ஒயரைக் கடிக்கும். பானெட்டைத் திறந்ததும் எலிப் புழுக்கையோ, துணிக் கந்தலோ, தேங்காய்ச் சில்லோ கண்ணில் பட்டால், சென்சார்மேல் பழி போடுவதற்கு முன் ஒயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நீங்களே பானெட்டைத் திறந்து பார்ப்பதானால் ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். புடைவைத் தலைப்பு, துப்பட்டா, பின்னல் மூன்றையும் இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள். பல கார்களில் எஞ்சினை நிறுத்தின பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழல ஆரம்பித்துவிடும். கண்ணால் பாருங்கள், கையை உள்ளே விட வேண்டாம்.

மூன்று ஒயர், மூன்று கேள்வி

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் மல்ட்டி மீட்டரை எடுக்க வேண்டும். கனெக்டரைச் சென்சாரிலிருந்து கழற்றிவிட்டு, சாவியை 'ஆன்' நிலையில் வைத்து, மூன்று ஒயரையும் ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும்.

'உனக்குச் சாப்பாடு வந்ததா?' என்பது முதல் ஒயருக்குக் கேள்வி. காரைப் பொறுத்து 5 வோல்ட்டோ, பாட்டரியின் 12 வோல்ட்டோ வர வேண்டும். வராவிட்டால் பியூஸைப் பார்க்க வேண்டும். 5 வோல்ட் கார்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே 5 வோல்ட் அடுப்பில் பல சென்சார்கள் சமையல் செய்யும். அவற்றில் வேறு ஒன்று ஷார்ட் ஆகி எல்லாருடைய சாப்பாட்டையும் கெடுத்திருக்கலாம். அப்போது ஸ்கேனரில் வேறு நம்பர்களும் கூடவே வந்திருக்கும்.

இரண்டாவது கேள்வி எர்த் ஒயருக்கு. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் பாஸிட்டிவிலும் மறுமுனையை இந்த ஒயரிலும் வைத்தால், பாட்டரியின் வோல்ட் ஏறக்குறைய முழுசாகக் காட்ட வேண்டும். குறைந்தால் எர்த் சரியில்லை.

மூன்றாவது சிக்னல் ஒயர். கம்ப்யூட்டர் காத்திருக்கும் 5 வோல்ட் இங்கே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஒயர் நடுவில் அறுந்திருக்கிறது, அல்லது எர்த்தில் பட்டிருக்கிறது.

மூன்றும் சரியான பதில் சொன்னால், கனெக்டரைத் திரும்ப மாட்டி, பின்புறமாக ஊசி முனையைச் செருகி, எஞ்சினைக் கையால் மெள்ளச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒயரின் தோலைக் குத்தி ஓட்டை போடக் கூடாது. அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் புகுந்து நாளைக்கு அதுவே ஒரு நோயாகிவிடும். சுற்றச் சுற்ற மீட்டர் 5, 0 என்று மாறினால் சென்சார் நிரபராதி. சாப்பாடும் எர்த்தும் சிக்னல் ஒயரும் சரியாயிருந்தும், பல் கடக்கும்போது மீட்டர் அசையவே இல்லையென்றால், அப்போது சென்சாரைச் சந்தேகிக்கலாம். அப்போதும்கூட அதைக் கழற்றி, முனையில் இரும்புத் துகள் ஒட்டியிருக்கிறதா, பல்சக்கரம் உடைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே தீர்ப்பு.

சென்சார், ஒயர் எல்லாம் ஒழுங்காயிருந்தும் விளக்கு எரிந்தால்? டைமிங் செயின் நீண்டு தளர்ந்திருக்கலாம். டைமிங் பெல்ட் ஒரு பல் தாண்டியிருக்கலாம். அப்போது சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. கெட்ட செய்தி கொண்டு வந்தவனை அடிப்பதில் என்ன பிரயோசனம்? இதை அசட்டையாக விட்டால் சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொண்டு பெரிய செலவில் கொண்டு விடும்.

குற்றவாளி பிடிபட்டான்

நம் குடும்பத்துக் காருக்கு வருவோம். மூன்றாவது தடவை வேறொரு மெக்கானிக் பார்த்தார். மூன்று ஒயரும் சரியாகவே பதில் சொல்லின. ஆனால் அவர் அதோடு விடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஒயர்க் கட்டை இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மெள்ள ஆட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் ஆட்டியதும் எஞ்சின் இருமிற்று, நின்றது. அங்கே ஒயர்க் கட்டு ஒரு இரும்புப் பட்டையின் விளிம்பில் நாளெல்லாம் உராய்ந்து, சிக்னல் ஒயரில் இரண்டே இழைதான் மிச்சம் இருந்தது.

தேய்ந்த கிணற்றுக் கயிற்றிலும் குடம் நாலு தடவை மேலே வரும். அதே மாதிரி இரண்டு இழை ஒட்டிக்கொண்டிருக்கும் வரை மீட்டர் 'எல்லாம் க்ஷேமம்' என்றே சொல்லும். எஞ்சின் சூடாகி அதிரும்போதுதான் இழை பிரியும்.

அப்படியானால் சென்சார் மாற்றியதும் நாலு நாள் ஓடியது எப்படி? சென்சாரை மாற்றும்போது ஒயரைப் பிடித்து அசைத்தார்கள் அல்லவா? பிரிந்த இழைகள் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டன. புகழ் புதுச் சென்சாருக்குப் போயிற்று. 'மாற்றினதும் சரியாகிவிட்டதே' என்ற சாட்சியம் இந்த வழக்கில் செல்லாது என்பதற்கு இதுவே காரணம். ஒயரை வெட்டிச் சேர்த்து, உறை போட்டு, பட்டையில் படாமல் கட்டிவிட்டார். சாமான் செலவு ஒரு வேளை காய்கறிச் செலவுக்குக்கூட ஆகாது. செலவானது அவருடைய ஒரு மணி நேரம்.

அந்த ஒரு மணிக்குக் கூலி கொடுப்பதில்தான் நமக்குத் தயக்கம். புதுச் சாமானுக்கு ஆயிரக்கணக்கில் தருகிறோம். "பார்த்ததற்கு" என்று கேட்டால் முகம் சுளிக்கிறோம். பார்ப்பவருக்குக் கூலி இல்லையென்றால், பார்க்காமல் மாற்றுகிறவர்கள்தானே பெருகுவார்கள்?

ஒர்க்ஷாப்பில் கேளுங்கள்

1. நம்பரை அழிப்பதற்கு முன் எழுதித் தர முடியுமா? வேறு நம்பர் ஏதாவது கூட வந்ததா?

2. கனெக்டரைக் கழற்றி எனக்குக் காட்டுகிறீர்களா? எண்ணெய், பச்சைக் களிம்பு, எலிக்கடி உண்டா?

3. மூன்று ஒயரிலும் எத்தனை வோல்ட் வந்தது?

4. எஞ்சின் ஓடும்போது ஒயரை ஆட்டிப் பார்த்தீர்களா?

5. சென்சாரைத்தான் மாற்ற வேண்டுமென்றால், பழையதை என்னிடம் திருப்பிக் கொடுங்கள்.

இதைக் கேட்க எஞ்சினியரிங் படித்திருக்க வேண்டாம். தெரிந்த மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். சந்தோஷமாகப் பதில் சொல்வார். 'அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா' என்று பதில் வந்தால், அதுவும் ஒரு பதில்தான். வண்டியை வேறு இடத்துக்குக் கொண்டு போங்கள்.

அதுவரை ஒரு விஷயம் நினைவிருக்கட்டும். ஓடும்போது எஞ்சின் நின்றுவிட்டால் பதறாதீர்கள். ஸ்டியரிங் கனக்கும், பிரேக் கெட்டியாகும், ஆனால் இரண்டும் வேலை செய்யும். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரேயடியாக அழுத்தி மிதியுங்கள். நாலு மூலை விளக்கையும் போட்டு, வண்டி உருளும்போதே இடது ஓரத்துக்கு வந்துவிடுங்கள். வண்டி நிற்கும் வரை சாவியை உருவக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பிறகு குழந்தையோடு சாலையை விட்டு விலகி நின்று, உதவிக்குப் போன் பண்ணுங்கள். ஒரு தடவை இப்படி நின்ற வண்டியை, காரணம் தெரியும் வரை இரவில் வெளியூருக்கு எடுத்துப் போகாதீர்கள்.